நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் சொருகாதீங்க, ப்ளீஸ்

நேத்து கிளினிக் மூடுற நேரத்துல ஒரு அம்மா வந்தாங்க. வலது கை ஆள்காட்டி விரல்ல ஒரு எலுமிச்சம்பழம், மேல துணிக்கட்டு, மூணு நாளா அப்படியே இருக்கு. கழட்டினா விரல் வெள்ளையா ஊறிப்போய், நகத்தோரம் சீழ் கோத்து, அது விரல் நுனி சதைக்குள்ளயும் இறங்கியிருக்கு. சுகர் பாத்தா 340. விரலை மரத்துப்போக வெச்சு கீறித்தான் எடுத்தோம், முதல் நாளே வந்திருந்தா நகத்தோரமா சின்னதா திறந்துவிட்டு அனுப்பியிருப்பேன். இந்த மாசத்துல பழத்தோட வந்த நாலாவது விரல் இது.

"எங்க பாட்டி இதைத்தான் செய்வாங்க டாக்டர், சரியாயிடும்"னு எல்லாரும் சொல்றீங்க. சரியாயிருக்கும், நான் இல்லேங்கல. லேசான நகச்சுத்து ரெண்டு மூணு நாள்ல தானா வத்தும், இல்லேன்னா உடைஞ்சு சீழ் வெளிய வந்து வலி சட்டுனு குறையும், அந்த நேரம் பார்த்து விரல்ல பழம் இருந்ததால பேரு பழத்துக்குப் போயிடுது. ஜில்லுனு இருக்கறதால கொஞ்ச நேரம் இதமாவும் இருக்கும். ஆனா சீழ் இருக்கறது தோலுக்கு அடியில, சாறு இருக்கறது தோலுக்கு மேல, அது எப்படிங்க உள்ள போய் கிருமியைக் கொல்லும்? நாள்கணக்கா ஈரத்துல மூடி வெச்சா தோல் ஊறி இன்னும் இளகும், உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கும் தெரியாது. மஞ்சளும் உப்பும் சேத்து அடைச்சாலும் இதே கதைதான். சுண்ணாம்பு தடவினா தோலே வெந்துடும்.

ஆரம்பத்துலயே பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல ஒரு 10, 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை விரலை வைங்க, அப்புறம் நல்லா துடைச்சிடுங்க. சீழ் தெரிஞ்சாலோ விண்ணு விண்ணுனு தெறிச்சாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, ஊக்கால குத்தாதீங்க. சுகர் இருக்கறவங்க ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

நகம் முளைக்கிற இடத்துல மெல்லிசா ஒட்டியிருக்கற தோல் இருக்கே, பார்லர்ல க்யூட்டிகிள்னு சொல்வாங்க, அதுதான் கிருமி உள்ள போகாம தடுக்கற கதவு. அழகா தெரியணும்னு அதை வெட்டி விடறாங்க, அடுத்த வாரம் எங்ககிட்ட வர்றீங்க. மேனிக்யூர் பண்ணிக்கோங்க, அதை மட்டும் வெட்ட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. நகத்தைக் கடிக்கிறது, ஓரத்துத் தோலைப் பிச்சு இழுக்கறது ரெண்டையும் இன்னையோட நிறுத்துங்க.

நாள் பூரா தண்ணியிலயும் பாத்திர சோப்லயும் கை இருக்கறவங்களுக்கு இது வேற மாதிரி வரும், ரெண்டு மூணு விரல்ல ஓரம் மாசக்கணக்கா தடிச்சு, க்யூட்டிகிளே இல்லாம, நகம் மேடும் பள்ளமுமா ஆயிடும். மெடிக்கல் ஷாப்ல பூஞ்சை க்ரீமா வாங்கித் தடவிட்டு வர்றாங்க, கை காயாம எந்த க்ரீமும் வேலை செய்யாது. காட்டன் கிளவுஸ் போட்டு அதுக்கு மேல ரப்பர் கிளவுஸ், ராத்திரி படுக்கும்போது நகத்தைச் சுத்தி தேங்காய் எண்ணெய். உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் குடுங்களேன், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

நகத்துல வெள்ளைப் புள்ளி விழுந்தா கால்சியம் மாத்திரை கேக்கறீங்க. சின்ன வயசுல கொக்கு பறக்கும்போது "கொக்கே கொக்கே பூப் போடு"ன்னு நகத்தைத் தேச்சோமே, அதே பூதான் அது. பெரும்பாலும் நகத்தோட வேர்ல எப்பவோ பட்ட சின்ன அடி, வளர வளர வெளிய போயிடும். கை நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால பொறுமை வேணும். நகத்துக்கும் முடிக்கும் நல்லதுன்னு விக்கிற பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க, தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டையே அது மாத்திக் காட்டும். நகம் குழிஞ்சு கரண்டி மாதிரி ஆனா ரத்தத்துல இரும்புச்சத்து பாக்கணும். ஒரே ஒரு விரல்ல புதுசா கருப்புக் கோடு வந்து அகலமாயிட்டே போனா உடனே காட்டுங்க, அது புற்றா இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அந்த அம்மா போகும்போது, பொண்ணு கல்யாணம் வருது, மருதாணி வைக்கலாமான்னு கேட்டாங்க. புண்ணு முழுசா ஆறட்டும், அப்புறம் வீட்டுல இலை அரைச்சு வைங்க, கடையில விக்கிற கருப்புக் கோன் மட்டும் வேண்டாம்னு சொல்லி அனுப்பினேன்.