ஊறுகழிவு: சொல் விளக்கம்

விசைப்படகின் எஞ்சினிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய எண்ணெய்க்கு இராமநாதபுரம் கரையில் ‘கழிவு ஆயில்’ என்று பெயர். அதைக் கேனில் பிடித்து விலைக்குக் கொடுப்பவர்களும், கரையான் அரிக்காமலிருக்க மரத்தில் பூசுபவர்களும், கைமறதியாக மணலிலேயே ஊற்றிவிடுபவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் இந்திய விதிகளோ பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெயைத் தனிக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவு வகையில் சேர்த்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஹசார்டஸ் வேஸ்ட்’ எனப்படும் அந்த வகையைச் செய்தித்தாள்கள் ஒரு நாள் ‘அபாயகரமான கழிவு’ என்றும் மறுநாள் ‘நச்சுக்கழிவு’ என்றும் எழுதுகின்றன, இரண்டும் ஒன்றல்ல. அதற்குப் பொருந்தும் தமிழ்ச் சொல் எது?

முதலில் ‘கழிவு’. கழிதல் என்பது நீங்குதல், கடந்துபோதல். நாள் கழிவதும், கணக்கில் கழிப்பதும், புத்தகக் கடையில் பத்து விழுக்காடு கழிவு தருவதும் இதன் வழி வந்தவை. உரிச்சொல்லாக நின்றால் அதே ‘கழி’ மிகுதியைக் காட்டும். கழிபேருவகை என்பதில் உவகை நீங்கவில்லை, பெருகுகிறது. தொண்டி, காரங்காடு பக்கத்தாருக்கு இன்னொரு கழியும் தெரியும்: கடல்நீர் உள்ளே ஏறி நின்று அலையாத்தி வளரும் உப்பங்கழி. நீங்கியது என்று நாம் பெயரிட்ட பொருள் பெரும்பாலும் வந்து தங்கும் இடமும் அதுவே என்பது சொல்லின் குற்றமன்று.

‘ஹசார்டு’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் ஒரு பகடையாட்டத்தின் பெயர். பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ‘அபாயம்’ வடசொல், விலகிப்போதல், இழப்பு என்பது அதன் அடிப்பொருள், உபாயத்துக்கு எதிர்ச்சொல். ‘நச்சு’ நல்ல தமிழ்தான், ஆனால் குறுகியது. தீப்பற்றும் கரைப்பானையும், அரிக்கும் அமிலத்தையும், வெடிக்கக்கூடிய வேதிப்பொருளையும், நஞ்சையும் ஒருங்கே அடக்கும் வகைக்கு அவற்றுள் ஒன்றன் பெயரை மட்டும் இட முடியாது. ‘இடர்’ வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எடுத்துக்கொண்ட சொல். அது நேரக்கூடிய இழப்பின் வாய்ப்பைச் சொல்கிறதே தவிர, பொருளுக்குள்ளேயே இருக்கும் தீங்கைச் சொல்வதில்லை.

எஞ்சுவது ‘ஊறு’. உறுதல் என்பதிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குத் தொடுகை என்றும் தீங்கு என்றும் பொருள். குறள் 27இல் அது ஐம்புலன்களுள் ஒன்று, குறள் 761இல் போரில் படும் காயம். தொட்டாலும் முகர்ந்தாலும் உடலைத் தாக்குவதே இயல்பாகக் கொண்ட வேதிக்கழிவுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் காணவில்லை. ‘ஊறு விளைக்கும் கழிவு’ என்று விரித்தும், ‘ஊறுகழிவு’ என்று சுருக்கியும் எழுதலாம். ஊறுகாய் நினைவுக்கு வருகிறதே என்று சிரிப்பவர்களுக்குப் பின்னர் வருகிறேன்.

‘டிஸ்போசல்’ என்பதை ‘அகற்றுதல்’ என்று பெயர்ப்பது இன்னும் பெரிய பிழை. 1986இல் அமெரிக்க நகரமான பிலடெல்பியாவின் எரியுலைச் சாம்பல் பதினாலாயிரம் டன்னை ஏற்றிப் புறப்பட்ட ‘கியான் சீ’ என்ற கப்பல், ஏறத்தாழ நாலாயிரம் டன்னை எய்ட்டி நாட்டின் கோனாயீவ் கரையில் ‘உரம்’ என்று பெயர் சூட்டி இறக்கிவிட்டு, மிச்சத்தை அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டியது. பிலடெல்பியாவைப் பொறுத்தவரை அது அகற்றப்பட்டுவிட்டது. செல்வ நாடுகளில் விதியும் செலவும் ஏற ஏற, கழிவு ஏழை நாடுகளை நோக்கி நகர்ந்த அந்தக் காலத்தில்தான், இத்தகைய கழிவு நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989 மார்ச் 22 அன்று நிறைவேறியது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது. அவ்வுடன்படிக்கையில் ‘டிஸ்போசல்’ என்பது புதைப்பதையும் எரிப்பதையும் மட்டுமன்றி, பழைய எண்ணெயைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதையும் உள்ளடக்கும். ஆகவே, விற்றுவிட்டேன், இனி அது கழிவல்ல என்று கேன்காரர் சொல்வதும் அச்சொல்லின் வேலிக்குள்தான் வருகிறது. இலத்தீனில் அதன் வேருக்கு உரிய இடத்தில் ஒழுங்காக வைத்தல் என்று பொருள். ‘கரைசேர்த்தல்’ என்று அழகாகச் சொல்லலாம். இந்தக் கரையில் அது விபரீதமாகிவிடும். ‘தீர்வுசெய்தல்’ என்பது என் தெரிவு. வழக்குகளுக்கும் கோப்புகளுக்கும் ஏற்கெனவே பழகிய சொல், யாரோ ஒருவர் கடைசிவரை பொறுப்பேற்றார் என்ற குறிப்பும் அதில் உண்டு.

இனி ஊறுகாய். ‘ஊறுகழிவு’ என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் கழிவு என்று விரியும். நீர் ஊறுவதைக் குறிக்கும் இந்த வினை உறுதலிலிருந்து வந்த ‘ஊறு’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வேறானது. இலக்கணப்படி இந்த வாசிப்பு நான் கருதியதன்று. ஆயினும் கடலுக்கு அருகே மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, கொட்டாங்கச்சியால் நன்னீரை மொண்டு குடத்தில் சேர்க்கும் ஊர்களில், மணலில் ஊற்றிய கறுப்பு எண்ணெய்க்கு அந்தத் தவறான வாசிப்பும் பொருந்துவதால், அதை விலக்க நான் விரும்பவில்லை.