காப்பக ரெக்கார்டில் தப்பா? இன்னொரு பிராணியையும் தேட வேண்டும்

காப்பகத்திலிருந்து நாயையோ பூனையையோ தத்தெடுத்து வருபவர்கள் என் கிளினிக்கில் முதலில் நீட்டுவது ஒரு கவரை. உள்ளே தடுப்பூசிச் சான்று, கருத்தடைக் குறிப்பு, தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் நம்பர், உத்தேச வயது எல்லாம் இருக்கும். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் பிராணியைப் பார்ப்பது என் பழக்கம். தாளை முதலில் படித்துவிட்டால் கண்ணும் கையும் தாள் சொன்னதையே தேட ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். சில சமயம் தாளில் ‘பெண், கருத்தடை ஆனது’ என்று இருக்கும், மேஜை மேல் நிற்பது இரண்டு விரையும் உள்ள கடுவன் பூனையாக இருக்கும். வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு, “பரவாயில்லை டாக்டர், பேரை மட்டும் மாத்திடுறோம்” என்று கிளம்பப் பார்ப்பார்கள். அப்போதுதான் அவர்களை உட்காரச் சொல்வேன். கருத்தடை ஆன ஒரு பெண் பூனையின் தாள் இவர்கள் கையில் இருக்கிறது என்றால் அந்தப் பூனை எங்கே, அதோடு எந்தத் தாள் போயிருக்கிறது?

எல்லா வித்தியாசமும் தப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது ஒரு மதிப்பீடுதான். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் வாக்கில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, 6, 7 மாதத்துக்குள் நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை வயதைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லலாம். அதற்கப்புறம் பல் தேய்மானத்தையும் கண் வில்லையின் மங்கலையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இரண்டு வயது என்று எழுதியது நான்காக இருந்தால் அதற்காகக் காப்பகத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். கலப்பின நாயின் இனமும் இதே கதைதான்.

துரத்திப் பிடிக்க வேண்டியது, ஒரு பிராணிக்கு எழுத வேண்டியதை இன்னொன்றின் பெயரில் எழுதிய தப்பை. அது எப்படி நடக்கிறது என்பது காப்பகத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் புரியும். ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒரே நிறம். கூண்டைக் கழுவும்போது அட்டை இடம் மாறும். ஒரே பெயரில் இரண்டு நாய்கள் இருக்கும். பகலில் செய்த வேலையை எல்லாம் இரவில் ஒருவர் உட்கார்ந்து கணினியில் ஏற்றுவார். மைக்ரோசிப்புகளும் பல நேரம் அடுத்தடுத்த எண்களில்தான் பெட்டியில் வரும், கடைசி இலக்கம் மட்டும் மாறும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

ஒரு கறுப்புப் பெண் நாயைக் கருத்தடைக்காகக் கொண்டுவந்தார்கள். தாளில் ‘அறுவை பாக்கி’ என்று தெளிவாக இருந்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வயிற்றில் ரோமத்தை மழித்துப் பார்த்தால், நடுக்கோட்டில் ஆறிப்போன பழைய தழும்பு. நிறுத்திவிட்டு ஸ்கேனரை வைத்துப் பார்த்தோம். சிப் எண்ணின் கடைசி இலக்கம் தாளோடு ஒத்துப்போகவில்லை. காப்பகத்தில் தேடச் சொன்னோம். அதே நாளில் வந்து சேர்ந்த இன்னொரு கறுப்பு நாய், ‘கருத்தடை ஆனது’ என்ற தாளோடு வேறொரு குடும்பத்துக்குப் போயிருந்தது. அந்த வீட்டில் கருத்தடை செய்யாத ஆண் நாய் ஒன்றும் இருந்ததாம். காப்பகம் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான், நாய் எடை கூடியதற்குக் காரணம் சாப்பாடு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது.

குட்டி போட்டதோடு போனால் பரவாயில்லை. எனக்குப் பயம் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குச் சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் இது வரலாம். தண்ணீரை மாளாமல் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுச் சீழ்கூடத் தெரியாது. அப்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு ‘கருத்தடை ஆயிடுச்சு’ என்ற பதில் வந்தால், தேடல் கிட்னி, கல்லீரல் என்று வேறு பக்கம் போய்விடும். உயிரைக் காக்கும் நேரம் அதில் கரையும்.

தழும்பு இல்லை என்பதாலேயே அறுவை ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. குட்டியாக இருக்கும்போது செய்த அறுவையின் தழும்பு தேடினாலும் கிடைக்காமல் போகலாம். சில இடங்களில் அறுவை செய்த அடையாளமாகத் தழும்பருகே சின்னப் பச்சைக் கோடு குத்துவார்கள், தெருப் பூனைகளுக்குக் காது நுனியை வெட்டிவிடுவார்கள். இரண்டும் இல்லாமல் சந்தேகம் நீடித்தால், ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சினைப்பையோ விரையோ உடம்புக்குள் மிச்சம் இருக்கிறதா என்பதை நாய், பூனை இரண்டிலும் அது பெரும்பாலும் காட்டிவிடும். ‘கருத்தடை ஆன ஆண்’ என்று எழுதப்பட்டதில் ஒரு விரை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கியிருப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நாய்களில் அப்படித் தங்கிய விரையில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம்.

சிப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்குள் முகவரி இல்லை, பேட்டரி இல்லை, பிராணி எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. இப்போது பரவலாகப் போடும் சிப்பில் 15 இலக்க எண் ஒன்று மட்டும்தான். அந்த எண் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறதோ, பிராணி தொலைந்து கிடைத்தால் போன் அவருக்குப் போகும். ஆகவே தத்தெடுத்த வாரத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லி, ஸ்கேனர் திரையையும் பிராணியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தாளோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். சிப் தோள்பட்டையிலிருந்து நகர்ந்து முன்னங்கால் வரை போயிருக்கலாம். பழைய சிப்புகள் வேறு அலைவரிசையில் இயங்குவதால் எல்லா ஸ்கேனரிலும் விழாது. ஒரே நாய்க்குள் இரண்டு சிப் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் காப்பகத்தின் பெயரே இருந்தால் மாற்றிக்கொடுக்கச் சொன்னால் போதும். முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் இருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. எண் மாறிப்போயிருக்கலாம். அல்லது, தன் நாயைத் தொலைத்துவிட்டு யாரோ ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். கேட்டால் நாயைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பலர் இதைக் கிளறாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் விடக் கூடாது.

தடுப்பூசியில் குழப்பம் என்றால் வழி சுலபம். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளைச் சந்தேகத்துக்கு மறுபடி போடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. வேண்டாம் என்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்துக்கொள்ளலாம். ரேபிஸ் மட்டும் வேறு. சான்றில் உள்ள அடையாளமும் சிப் எண்ணும் வேறாக இருந்தால், ஊசி போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது போடாத நாயாகிவிடலாம். யாரையாவது கடித்த அன்றோ, வெளிநாடு கூட்டிப்போகிற அன்றோதான் இது தெரியவரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக, சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. தேதி முன்பின் எழுதியிருந்தாலே சிக்கல்தான்.

நோய்ப் பரிசோதனை முடிவு மாறியிருந்தால் நிலைமை இன்னும் தீவிரம். பூனை ரத்தப்புற்று வைரஸ் ‘இல்லை’ என்ற தாளோடு நோயுள்ள பூனை ஒரு வீட்டுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைக்கும் தொற்றலாம். இதயப்புழு இருக்கும் நாய் ‘இல்லை’ என்ற தாளோடு போனால், புழு வளர்ந்துகொண்டே இருக்கும்.

காப்பகத்தோடு பேசும் விதத்தையும் சொல்ல வேண்டும். போனை எடுப்பவர் பெரும்பாலும் தன்னார்வலர், அவரிடம் கத்திப் பயனில்லை. எழுத்தில் கொடுங்கள். தத்தெடுத்த தேதி, காப்பகம் வைத்திருந்த பெயர், தாளில் உள்ளது, மருத்துவர் கண்டது, சிப் போட்டோ, மருத்துவரின் கடிதம் எல்லாம் ஒரே மெயிலில் போகட்டும். ‘என் சான்றைத் திருத்துங்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘இந்தத் தாள் எந்தப் பிராணியுடையது, அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டீர்களா’ என்றும் கேளுங்கள். அவர்களின் முகவரியை உங்களுக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. காப்பகமே கூப்பிட்டுச் சொன்னால் போதும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் பொறுப்பாளரின் பெயருக்கே மறுபடி எழுதுங்கள். காப்பகத்துக்கென்று மருத்துவர் இருந்தால், உங்கள் மருத்துவரை அவரிடம் நேராகப் பேசச் சொல்லுங்கள். நாங்கள் பேசினால் வேலை சீக்கிரம் நடக்கிறது, ஏனென்றே தெரியவில்லை.

சான்றில் நீங்களே பேனாவால் எதையும் திருத்தாதீர்கள், சான்று செல்லாமல் போகும். காப்பகமும் பழைய பதிவை அழிக்காமல், குறுக்கே கோடு போட்டு, சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் இடுவதுதான் முறை. புதுச் சான்று வந்ததும் பழையதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ், நாய் லைசென்ஸ், சிப் பதிவேடு என்று பழைய தகவல் ஏற்கெனவே போயிருக்கும் ஒவ்வோர் இடத்திலும், எது எப்போது மாறியது என்று கேட்பார்கள்.