தேர்வான பிறகு எங்கே போகிறான்?

சென்ற ஆண்டு ஒரு மாலை, பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் கட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஐந்து ஆண்டுகள் கூடைப்பந்து பயின்ற பையனின் அப்பா இனிப்புப் பெட்டியோடு வந்தார். மகன் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகியிருந்தான். வாழ்த்திவிட்டு, “அங்கே பயிற்சியாளர் யார் சார், எத்தனை வருடமாக இருக்கிறார்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு அனுப்புங்கள் என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தவனை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்க வைத்தேன். கூடைக்கு நேராக நிற்கும் வலது முழங்கை இப்போது வெளியே விரிந்திருந்தது. பந்தைத் தூக்கும்போதே அவன் கண் என் முகத்துக்கு வந்துபோனது. ஒரு பயிற்சியாளர் “உயரத் தூக்கு” என்றாராம். அவர் மாறிப்போன பின் வந்தவர் “நெஞ்சிலிருந்து எறி” என்றாராம். சீனியர் பையன்கள் சொன்னது வேறு. பத்துக்கு ஏழு போட்டுக்கொண்டிருந்தவன் மூன்று போட்டான். ‘அவ்வளவுதான் அவன் திறமை’ என்று வீட்டில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வரக்கூடாது என்பதற்கு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் நல்ல சான்றுகள் உண்டு. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் என்ற புதுமுகத் தேர்வில் அணிதான் வீரரை எடுக்கிறது. எந்த அணிக்குப் போவது என்பது பெரும்பாலும் வீரர் கையில் இல்லை. முந்தைய சீசனில் பின்தங்கிய அணிகளுக்கே முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். 2019 முதல், கடைசியில் நிற்கும் மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கத் தலா 14 சதவீத வாய்ப்பு. ஆகவே மிகத் திறமையான பத்தொன்பது வயதுப் பையன் பல சமயம் மிகவும் குழம்பிக் கிடக்கும் அணியில் போய் விழுகிறான். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கும் முதல் இரண்டு ஆண்டுகள்தான் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் விருப்பம். பிள்ளைக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே.

கவாய் லெனர்டை 2011 டிராஃப்ட்டில் பதினைந்தாவதாக எடுத்தது இண்டியானா. அன்றிரவே ஜார்ஜ் ஹில் என்ற வீரரைக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். கல்லூரியில் அவர் எறிந்த மூன்று புள்ளி ஷாட்களில் நான்கில் ஒன்றுதான் விழுந்தது. ஸ்பர்ஸில் சிப் எங்கெலண்ட் என்ற ஷூட்டிங் பயிற்சியாளர் இருந்தார். தலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த பந்தைச் சற்றுத் தாழ்த்தி முன்னால் கொண்டுவந்தார். கையைத் தலைகீழாக மாற்றவில்லை. ஓரிடத்தை மட்டும் திருத்தினார். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் சம்பள ஒப்பந்தத் தகராறில் லீக்கே முடங்கி, அணிப் பயிற்சியாளர்கள் வீரர்களோடு பேசக்கூட முடியாமல் போனது. அதற்கு முன் இருவருக்கும் கிடைத்தவை சில நாட்கள்தான். முதல் சீசனிலேயே லெனர்டின் மூன்று புள்ளி விகிதம் 37.6 சதவீதம். 2014 இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் அவர்தான். உழைப்பு அவருடையது, சந்தேகமில்லை. எதன் மேல் உழைப்பது என்பதை ஒரே குரலில் சொல்ல அங்கே ஆள் இருந்தார்.

பெற்றோர்களிடம் நான் அதிகம் சொல்லும் கதை மைக்கேல் மலோன் என்ற பயிற்சியாளருடையது. டிமார்கஸ் கசின்ஸை 2010இல் ஐந்தாவதாக எடுத்தது சாக்ரமென்டோ கிங்ஸ். ஏழு ஆண்டுகள் முடிவதற்குள் அவருக்கு ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள். அவர்களில் மூன்றாமவர் மலோன். 2014-15 சீசனை அணி ஒன்பது வெற்றி, ஐந்து தோல்வி என்று நன்றாகவே தொடங்கியது. கசின்ஸ் மூளையுறைக் காய்ச்சலில் படுத்தார்; தோல்விகள் அடுக்கின; டிசம்பரிலேயே மலோனை நீக்கிவிட்டார்கள். நோயாளி எழுந்து வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஆட்டக்காரராகக் கசின்ஸ் வளர்ந்தார், லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். ஆனால் 2017இல் விற்கப்படும்வரை அந்த அணியோடு ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே மலோன் 2015இல் டென்வருக்குப் போனார். அதே ஆண்டு செர்பியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார் நிகோலா யோக்கிச். அவர் 2014 டிராஃப்ட்டில் நாற்பத்தோராவதாக எடுக்கப்பட்டவர். பருத்த உடல், உயரத் துள்ளவும் வராது. யூசுப் நுர்கிச் என்ற இன்னொரு நெடியவரோடு அவரைச் சேர்த்து ஆடவைத்தார்கள். சரிப்படவில்லை. தானே பெஞ்சில் உட்காருகிறேன் என்றார் யோக்கிச். 2016 டிசம்பரில் மலோன் அவரை மையத்தில் நிறுத்தி, ஆட்டம் அவர் கைவழியே ஓடும்படி அமைத்தார். மலோனின் முதல் மூன்று சீசன்களிலும் டென்வர் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. இருந்தும் அவரை நீக்கவில்லை. 2023இல் கோப்பை வந்தது. யோக்கிச் 2021, 2022, 2024 என மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். ஒரே பயிற்சியாளருக்கு ஓரிடத்தில் ஒன்றரை சீசன்கூட நிறையவில்லை, இன்னோரிடத்தில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கிடைத்தன. கசின்ஸ் டென்வரில் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும். 2017இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட மார்கெல் ஃபுல்ட்ஸின் ஷாட் திடீரென்று குலைந்தபோது ஊரே மனக்கோளாறு என்று பேசியது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு அழுத்தப்படுகிறது என்று மருத்துவர்கள் கண்டறிந்தது 2018 டிசம்பரில். ஃபிலடெல்ஃபியாவுக்காக மொத்தம் 33 ஆட்டங்கள் ஆடியவர், ஆர்லாண்டோவுக்கு மாறிய பின் 2019-20 சீசனில் மட்டும் 72 ஆட்டங்கள் ஆடினார். பிள்ளை வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள்.

நல்ல அணியென்று பெயர் வாங்கிய இடத்திலும் இது நடக்கும். தொடைக் காயத்துக்கான சிகிச்சை விஷயத்தில் நம்பிக்கை போய், லெனர்ட் 2018இல் ஸ்பர்ஸை விட்டுப் போனார். அவரை வளர்த்துவிட்ட அணி அது.

இப்போது என்னிடம் யார் தேர்வுக் கடிதத்தோடு வந்தாலும், சில கேள்விகளுக்குப் பதில் வாங்கி வரச் சொல்கிறேன். பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? போன ஆண்டு சேர்ந்த பிள்ளைகள் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? அடிபட்டால் பார்ப்பவர் யார், ஆடலாம் என்று முடிவு செய்பவர் யார்? கட்டடத்தையும் தரையையும் அப்புறம் பார்க்கலாம்.

பையன் விடுமுறை முழுவதும் காலையில் வந்தான். கூடையிலிருந்து நாலடி தள்ளி நின்று ஒற்றைக் கையால் எறிதல், தினம் நூறு. நான் சொன்னது “முழங்கை” என்ற ஒரு சொல்தான். கிளம்புவதற்கு முன் அவன் விடுதிப் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று விளக்கினேன். புதிதாக வந்தவர், இளைஞர். பொறுமையாகக் கேட்டார். “நானும் அதையே சொல்கிறேன் சார், வேறு எதுவும் சொல்லவில்லை” என்றார்.