கச்சான் காலத்து நித்திரையும் உடலின் சூடும்

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடுவது வழமை. பகலெல்லாம் வெயில் குடித்த சீமெந்துச் சுவர்கள் நள்ளிரவு கடந்தும் அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருப்பதால், பலர் விடியும்வரை புரண்டு படுக்கிறார்கள். பருவத்தின் தொல்லையென்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் நல்ல நித்திரைக்கு உடலின் உட்புறம் முதலில் குளிர்ந்தாக வேண்டும்.

பொழுது சாய்ந்து இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள உயிர்க்கடிகாரத்தின் தூண்டலால் நித்திரைக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஓமோனின் சுரப்பு கூடுகிறது. கைகால்களின் தோலுக்கு அடியிலுள்ள குருதிக்குழாய்கள் விரிகின்றன. உள்ளிருந்து வெப்பத்தைச் சுமந்துவரும் குருதி அதை உள்ளங்கை, உள்ளங்கால் வழியாக வெளியேற்ற, உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 பாகை இறங்குகிறது. கண் சொருகும் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப்பார்த்தால் கதகதப்பாக இருப்பது இதனால்தான். புழுக்கமான அறையில் வியர்வை உலராது, சூடும் வெளியேறாது. ஆழ்ந்த நித்திரை துண்டுபடுகிறது.

அதன் விளைவு மறுநாள் அசதியோடு நின்றுவிடுவதில்லை. வழமையாக இரவில் 10 முதல் 20 சதவீதம்வரை தணியும் குருதியழுத்தம், நித்திரை குறைந்தால் போதிய அளவு தணியாமல், இதயத்துக்குக் கிடைக்கவேண்டிய ஓய்வைப் பறிக்கிறது. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நலமான இளைஞர்கள் 11 பேர் தொடர்ந்து 6 இரவுகள் 4 மணிநேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டபோது, குருதியிலுள்ள குளுக்கோசை அகற்றும் திறன் அவர்களுக்குத் தெளிவாகவே குறைந்தது. பசியைத் தூண்டும் ஓமோனான கிரெலின் கூடி, அதை அடக்கும் லெப்டின் குறைவதும் பின்னர் அறியப்பட்டது. சீனி வருத்தம் உள்ளவர்கள் உணவுக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை நித்திரைக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

படுப்பதற்கு ஓரிரு மணிநேரத்துக்கு முன் இளஞ்சூட்டு நீரில் குளிப்பது, வெக்கைக் காலத்தில் விந்தையாகத் தோன்றினாலும், பயன் தரும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தவர்களின் தோல் சிவந்து கதகதப்பதைப் போலவே, வீட்டுக் குளியலிலும் குருதி தோலுக்கு வந்து, பிறகு உட்சூடு விரைவாக இறங்குகிறது. வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னல்களைத் திறந்து நுளம்பு வலைக்குள் மின்விசிறிக் காற்று படும்படி படுக்கலாம். கஃபீனில் பாதி அகலவே 5 மணிநேரமளவு ஆவதால், பிற்பகல் தேநீரே அன்றைய கடைசித் தேநீராக இருக்கட்டும். இரவுக் கடலுக்குச் சென்று காலையில் கரையேறும் தொழிலாளர்கள், தடித்த திரையிட்டு இருட்டாக்கிய அறையில், இயன்றவரை ஒரே நேரத்தில் படுக்க வேண்டும்.

உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சுத் தடைப்படுபவர்களுக்கு மட்டும் இவை போதா. அவர்கள் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.