கசப்பைப் பார்த்துப் போதையை அளக்காதீர்கள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் பாரில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கடல் அமைதியாகி வெளிநாட்டவர்கள் வரும் மாதங்களில் கொஞ்சம் கிராஃப்ட் பியரும், அதாவது சிறிய ஆலைகளில் காய்ச்சும் பியரும், எடுத்து வைப்போம். போன சீசனில் வாழைச்சேனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அதில் பேல் ஏல் என்ற கசப்பு வகைப் பியர் ஒன்று வாங்கினார். முதல் மிடறிலேயே முகம் சுளித்தார்.

"அண்ணே, சரியான கசப்பு. நல்லா ஏறும் போல."

"இல்ல தம்பி, போத்தல்ல இருக்கிற இலக்கத்தைப் பாருங்க" என்றேன். மதுசாரம் 5 வீதம்.

கசந்தால் போதையும் கூட என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். கசப்பு வருவது ஹொப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து. அந்தப் பூவுக்குள் மஞ்சள் தூள் போல ஒரு பிசின் இருக்கும். பார்லிச் சாற்றோடு நீண்ட நேரம் கொதித்தால் கசப்பைத் தரும். கடைசியில் போட்டால் வாசனையைத் தரும். மதுசாரம் வருவதோ, பார்லியின் சீனியை ஈஸ்ட் தின்பதால். இரண்டும் வேறு வேறு கணக்கு.

நம் ஊரில் அதிகம் போவது 8.8 வீத ஸ்ட்ரோங் பியர். கசப்பே தெரியாது, இனிப்பாக இறங்கும். அந்த 625 மில்லிலீற்றர் போத்தலில் தூய மதுசாரம் 55 மில்லிலீற்றர். 33.5 வீதச் சாராயத்தில் ஏறத்தாழ 165 மில்லிலீற்றர் குடித்ததற்குச் சமம். தம்பி முகம் சுளித்த அந்த 330 மில்லிலீற்றர் போத்தலில் இருந்தது 16.5 மட்டுமே. "பியர்தானே" என்று இரண்டு ஸ்ட்ரோங் போத்தலை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, அந்தக் கசப்பை எப்படி ருசிப்பது? ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் விடுங்கள். 7 முதல் 10 பாகை போதும். போத்தலோடு குடிக்காமல் கிளாஸில் ஊற்றுங்கள். நுரைதான் வாசனையைத் தூக்கிவரும். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. முதலில் முகருங்கள்: தோடம்பழத் தோலைக் கிள்ளியது போல, சிலவற்றில் பச்சைப் புல் போல இருக்கும். முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாவற்காய்க்குப் பழகிய நாக்குத்தானே நம்முடையது, மூன்றாம் மிடறில் பிடிபடும். உறைப்பான நண்டுக் கறியோடு மட்டும் வேண்டாம், கசப்பும் உறைப்பும் சேர்ந்து எரிக்கும். பொரித்த மீன் நன்றாகச் சேரும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வெயிலில் பச்சை, வெள்ளைப் போத்தல்களை வெளியே அடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஒரு துர்நாற்றம் வரும்; நேர் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே போதும். மண்ணிறப் போத்தல் ஓரளவு காக்கும். ரின்னுக்குள் வெளிச்சமே போகாது, ஆனால் கச்சான் காற்றுக் காலத்துச் சூட்டில் கிடந்தால் அதன் வாசனையும் செத்துவிடும்.

அந்தத் தம்பி கிளாஸை மெதுவாக முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தார். "இன்னொன்று?" என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளை எங்கள் வளவிலேயே விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்துப் போனார்.