கோச்: பயிற்சியாளரா, பயிற்றுநரா?

கோச் (பெயர்ச்சொல்): 1. குதிரை வண்டி; ரயில் பெட்டி. 2. தேர்வுக்குத் தயார்செய்யும் தனி ஆசிரியர். 3. விளையாட்டு அணிக்கு ஆள் தேர்ந்து, பழக்கி, களத்தில் நடத்துபவர். மூன்றாவது பொருளுக்கு ஏற்ற தமிழ்: பயிற்றுநர்.

மூன்று பொருளும் ஒரே ஊரிலிருந்து கிளம்பியவை. ஹங்கேரியில் புடாபெஸ்ட்டுக்கு மேற்கே கோச் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்கள் செய்த குதிரை வண்டி ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியது. ஊர்ப் பெயரே வண்டிக்கு ஆனது: ஹங்கேரியில் கோச்சி, ஜெர்மனில் குட்ஷெ, பிரெஞ்சில் கோஷ், ஆங்கிலத்தில் கோச். நம் தாத்தாக்கள் காலத்துக் ‘கோச்சு வண்டி’யும், பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெயரின் நடுவில் நிற்கும் ‘சி’யும் இதே சொல்தான்.

வண்டி ஆளாக மாறியது ஆக்ஸ்ஃபோர்டில். 1830 வாக்கில் அங்கிருந்த மாணவர்கள், பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லித்தரும் தனி ஆசிரியரைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தேர்வின் அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுபவர் என்று அர்த்தம். நம் ஊர் நீட் கோச்சிங், டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் எல்லாவற்றிலும் இன்றைக்கும் ஓடுவது இந்தப் பொருள்தான். 1860களில் சொல் விளையாட்டுக்குள் வந்தது.

இந்தச் சொல்லுக்கு எடை கூடிய இடம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு, அது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எறிந்து, எதிராளியை முட்டி வீழ்த்தும் ஆட்டம் அது. ‘அமெரிக்க’ என்ற அடைமொழியை விடாமல் எழுதினால் வாசகருக்குக் குழப்பம் இருக்காது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகள் முதல் போட்டி ஆடியபோது கோச் என்று யாரும் கிடையாது. அந்த முதல் தலைமுறையில் மாணவர்களே ஆட்டத்தை நடத்தினார்கள். அணித்தலைவர் சொன்னதுதான் சட்டம். அந்த அதிகாரம் மெல்ல மெல்லக் கோச் கைக்குப் போயிற்று. இன்று பல மாநிலங்களில் ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர் அரசுப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து கோச்.

காரணம் கல்லூரி அணியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு வீரர் நான்கு பருவம் ஆடுவார், பிறகு போய்விடுவார். 17, 18 வயதுப் பையனை வீடு தேடிப் போய், அம்மா அப்பாவிடம் பேசி அழைத்து வருபவர் கோச். யாருக்கு உதவித்தொகை, யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, விடிகாலை எத்தனை மணிக்கு எழுவது, எல்லாம் அவர் முடிவு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, அவர் மட்டும் பத்து வருஷம், இருபது வருஷம் அங்கேயே இருக்கிறார். அணிப் பண்பாடு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அந்த ஒருவர் நாள்தோறும் வற்புறுத்துவது நூறு பேருக்கும் பழக்கமாகிவிடுவதுதான்.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை டெக்சாஸில் நடந்தது. ‘கரடி’ என்று பட்டப்பெயர் பெற்ற பால் பிரையன்ட், 1954இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் பொறுப்பேற்றார். செப்டம்பரில் வீரர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். வறட்சிக் காலம், கொளுத்தும் வெயில், கல்லும் முள்ளுமாகக் கிடந்த தரை. விடிந்தது முதல் பயிற்சி. இடையில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் கேட்பது கோழைத்தனம் என்பது அக்கால நம்பிக்கை. பத்து நாளில் பாதிக்கு மேற்பட்டோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள், சிலர் இரவோடு இரவாக. ஒருவர் வெயில் தாக்கிச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

தாக்குப்பிடித்தவர்கள் ஆயுசுக்கும் அந்தப் பத்து நாளைப் பெருமையாகச் சொன்னார்கள். 1956இல் அதே அணி தோல்வியே காணாமல் தன் வட்டாரப் பட்டத்தை வென்றது. கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்தப்படும். ஆனால் முகாம் முடிந்து ஆடிய 1954 பருவத்தில் அணி வென்றது ஒரே ஆட்டம், தோற்றது ஒன்பது. மனஉறுதிக்கு ஜங்ஷன்தான் காரணம் என்றால் அந்த ஒன்பது தோல்விக்கும் அதுவே காரணம் இல்லையா? ஓடிப்போனவர்கள் எல்லோரும் சோடைகள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரையன்ட் பெரிய கோச், சந்தேகமில்லை. பிறகு அலபாமாவில் ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். அவர் மேதைமையை விட்டுவிட்டுத் தண்ணீர் தராததை மட்டும் காப்பியடித்தவர்கள் எத்தனை பேரோ.

அதே ஆண்டுகளில், வடக்கே மினசோட்டாவில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறு கல்லூரியில் ஜான் கலார்டி வேலைக்குச் சேர்ந்திருந்தார். 1953இல் சேர்ந்தவர் 2012 வரை அங்கேயே இருந்தார். பள்ளியில் படிக்கும்போது அவர் அணியின் கோச் போருக்குப் போய்விட, 16 வயதில் தானே அணியை நடத்த நேர்ந்தவர். பிடிக்காததையெல்லாம் அப்போதே நீக்கிவிட்டார்; கடைசிவரை திரும்பச் சேர்க்கவில்லை. விசில் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஓட்டம் இல்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் முட்டி வீழ்த்தக் கூடாது. வேண்டும்போது தண்ணீர் குடிக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் பயிற்சி முடிந்துவிடும். உடற்பயிற்சி என்ற பெயரில் எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ‘இன்றைக்கு நல்ல நாள், இல்லையா’ என்று சொல்வது அங்கே வழக்கம்.

அதைவிட முக்கியம், தன்னைக் கோச் என்று கூப்பிட அவர் விடவில்லை. எல்லோருக்கும் அவர் ஜான். 489 ஆட்டங்களில் வென்றார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதுவே அதிகபட்சம். உதவித்தொகை கிடையாத சிறு கல்லூரிப் பிரிவில் ஆடியதால் பிரையன்ட்டோடு ஒப்பிட முடியாது என்பார்கள். எண்ணை ஒப்பிட வேண்டாம். கொடுமைப்படுத்தாமல் ஒழுங்கு வராது என்ற வாதத்துக்கு ஆறு பதிற்றாண்டு மறுப்பு அது.

வெற்றி எண்ணிக்கையில் அவருக்கு அடுத்து வைத்துப் பேசப்படும் பெயர்களில் எட்டி ராபின்சன் ஒருவர். 1941 முதல் 1997 வரை லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியில் 408 வெற்றி. தென் மாநில வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்தில் தொடங்கியவர். காலையில் விடுதி வழியே மணியடித்துக்கொண்டு போய் வீரர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார். ‘கோச் ராப்’ என்ற அந்த விளியில் அப்பா ஸ்தானமே இருந்தது. அவரிடம் ஆடிய டக் வில்லியம்ஸ்தான், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்). ராபின்சனுக்குப் பின் கிராம்ப்ளிங் கோச் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

நிக் சேபனின் வழி இவை எதிலும் சேராது. 1998இல் அவர் மிச்சிகன் ஸ்டேட் கோச். தேசிய அளவில் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே சந்திக்க வேண்டும். லயனல் ரோசன் என்ற மனநல மருத்துவப் பேராசிரியரின் யோசனையை எடுத்துக்கொண்டார்: ஒரு ‘பிளே’ (பந்து கிளம்பி நிற்கும்வரை நடக்கும் ஒரு முயற்சி) சராசரியாக ஏழு விநாடிதான், அந்த ஏழு விநாடியில் உன் வேலையைச் சரியாகச் செய், முடிந்ததும் மறந்துவிடு, ஸ்கோர் பலகையைப் பார்க்காதே. 9-24 என்று பின்தங்கியிருந்த அணி 28-24 என வென்றது. பிற்பாடு ‘தி ப்ராசஸ்’ என்று புகழ்பெற்ற வழிமுறை இதிலிருந்து வளர்ந்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்று, அலபாமாவில் ஆறு என ஏழு தேசியப் பட்டங்கள் வந்தன. பிரையன்ட்டைவிட ஒன்று கூடுதல்.

அந்த வழிமுறை வீரர்களுக்குள் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதற்கு 2013 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டி சாட்சி. நோட்டர்டேமுக்கு எதிராக அலபாமாவின் வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்டது. நான்காவது கால்பகுதியில், பந்தை எடுத்துத் தருவதில் சிறு குளறுபடி. குவார்ட்டர்பேக் மெக்கேரன் கத்த, பந்தெடுத்துத் தரும் பேரட் ஜோன்ஸ் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டார். தேசியப் பட்டம் கையில் இருக்கும்போது ஒரு தப்புக்காக இரு நண்பர்கள் முறைத்துக்கொள்கிறார்கள்! கோச் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. 42-14 என்று ஆட்டம் முடிந்தது. இந்த வழிமுறைக்கு இன்னொரு பலம், அது ஒருவர் சுபாவத்தோடு ஒட்டியது இல்லை. கற்றுக்கொண்டு வேறு ஊருக்கும் கொண்டுபோகலாம். சேபனிடம் பல ஆண்டு உதவியாளராக இருந்த கிர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவில் 2021, 2022 இரண்டு பருவத்திலும் பட்டம் வென்று அதைக் காட்டினார்.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டாபோ ஸ்வின்னி அன்பைப் பிடித்துக்கொண்டவர். அவரே அலபாமாவில் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, 1992 பட்டம் வென்ற அணியில் இருந்தவர். அப்போதைய கோச் ஜீன் ஸ்டாலிங்ஸ், ஜங்ஷன் முகாமில் தாக்குப்பிடித்த இளைஞர்களில் ஒருவர்! அந்தப் பரம்பரையில் வந்தவர், வீரர்களின் கட்டடத்தில் சறுக்குமரமும் சிறு கோல்ஃப் திடலும் வைத்தார். 2017 ஜனவரியில் சேபனின் அலபாமாவை 35-31 என்று வீழ்த்திய கடைசிப் பந்தை, ஒரு விநாடி மீதமிருக்கும்போது பிடித்த ஹன்டர் ரென்ஃப்ரோவும் உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்தவர்தான். வெளியாட்களைவிடக் கூடவே இருப்பவர்களை நம்பும் இந்தக் குடும்பப் பாணிக்கு விலையும் உண்டு. 2021இலிருந்து வீரர்கள் ஒருமுறையாவது தடையின்றிக் கல்லூரி மாறலாம், தங்கள் பெயரால் பணம் ஈட்டலாம் என்று ஆனபோது, மாறிவரும் வீரர்களை எடுக்க அவர் நீண்டநாள் தயங்கினார். 2018 பருவத்தில் வென்றதற்குப் பின் தேசியப் பட்டம் வரவில்லை. ஆனால் அதே மாற்றம், பயமுறுத்தி நடத்தும் கோச்சின் கையையும் கட்டிவிட்டது. நாளைக்கே கிளம்பிவிடக்கூடிய வீரரை ஜங்ஷனுக்கு ஏற்றிப்போக முடியாது. இதை நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன்.

ஏனென்றால் 2018இல் மேரிலண்ட் பல்கலைக்கழக அணியில் நடந்தது நினைவிருக்கிறது. மே 29 பயிற்சியில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரருக்கு வெயில் தாக்கிற்று. உடல் வெப்பத்தை அளக்கவில்லை. குளிர்ந்த நீரில் அமிழ்த்தவில்லை. ஜூன் 13 அன்று இறந்துபோனார். அதன் பிறகு அந்த அணியின் பண்பாட்டை ஆராய்ந்த குழு கண்டது, வாய் திறந்து பேச வீரர்கள் பலர் பயந்தார்கள் என்பது. அக்டோபர் கடைசியில் தலைமைக் கோச் நீக்கப்பட்டார். ஜங்ஷனுக்கு 64 ஆண்டுக்குப் பிறகு இது நடந்தது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பத்திரிகைகளில் பரவலாக இருப்பது ‘பயிற்சியாளர்’. அதில் ஒரு சிக்கல்: பயிற்சி மருத்துவர், பயிற்சிக் காவலர் என்றால் பயிற்சி பெறுபவர். கொடுப்பவரா பெறுபவரா என்று சொல்லிலிருந்து தெரிவதில்லை. அதோடு அமெரிக்க அணிகளில் ‘டிரெய்னர்’ என்பவர் காயங்களைக் கவனிக்கும் வேறொரு அலுவலர். மேரிலண்ட் போன்ற செய்தியில் இருவரையும் பயிற்சியாளர் என்று எழுதினால் யார் பொறுப்பு என்பதே மாறிவிடும். இலங்கைப் பத்திரிகைகளில் வரும் ‘பயிற்றுவிப்பாளர்’ பொருளில் தெளிவானது, கொஞ்சம் நீளம்.

‘பயிற்றுநர்’ என்பதை நான் விரும்புவது அதன் வேர்ச்சொல்லுக்காக. பயில் என்ற வினைக்குப் படித்தல் மட்டும் பொருள் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தல், பழகுதல், நெருங்கியிருத்தல் எல்லாம் அதில் அடங்கும். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்ற குறளில் வருவது இந்தப் பழகுதல்தான். அதன் பிறவினை பயிற்று: பயிலச் செய். ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைவிட, பழக வைப்பவர் என்ற பொருள் சேபன், கலார்டி, பிரையன்ட் மூவரும் செய்த வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது. எதைப் பழக்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

எழுத்துக்கூட்டலில் ‘பயிற்றுனர்’ தவறு. ஓட்டு+நர் ஓட்டுநர், நடத்து+நர் நடத்துநர் ஆவதுபோலப் பயிற்று+நர் பயிற்றுநர். ஹெட் கோச் தலைமைப் பயிற்றுநர், ஸ்ட்ரெங்த் கோச் உடல்வலுப் பயிற்றுநர், அத்லெட்டிக் டிரெய்னர் காயப் பராமரிப்பாளர்.

விளிப்பது தனி விஷயம். நம் மைதானங்களில் பி.டி. சார், மாஸ்டர் என்போம். சிலம்பத்தில் ஆசான், வாத்தியார். வயதில் மூத்தவரைக் கலார்டியின் பிள்ளைகள்போலப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், அந்த நெருக்கத்துக்கு நம்மிடம் ‘அண்ணா’ இருக்கிறது. ஆகவே செய்தியில் பயிற்றுநர் என்று எழுதுங்கள். மேற்கோளில் வீரர் ‘கோச்’ என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.