தையல் பிரித்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ஆறு வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது. கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் போகிறார்கள். எடை என்றால் எது, எவ்வளவு என்று அவர்களும் கேட்பதில்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதுமில்லை.

அதனால் பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வீட்டுல தண்ணி யாரு புடிக்கிறாங்க?" கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ தெருக்குழாயில் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. இந்தக் காலத்தில் தூக்கலாம் என்று நாங்கள் சொல்வது 4, 5 கிலோ. அதாவது கால் குடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஈரத்துணி நிறைந்த வாளி, கிரைண்டர் கல், ரேஷன் அரிசிப் பை, இடுப்பில் ஏறத் துடிக்கிற பேரப்பிள்ளை எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை. நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குக் கிட்டே வரும். அதைச் சாய்த்து உருட்டுவதும் வேண்டாம். மீன் கூடை சுமக்கிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு ஆறு வாரம் பத்தாது. மூன்று மாதமாவது பொறுக்கச் சொல்வேன். கூலி போகிறதே என்பார்கள். அது உண்மையான கஷ்டம்தான், என்னிடம் அதற்கு மருந்தில்லை. ஆனால் உள்தையல் விட்டுப்போய் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் இன்னும் எத்தனை மாதக் கூலி போகும் என்று சேர்த்தே கணக்குப் போடச் சொல்வேன்.

ஏன் இவ்வளவு கறார்? கருப்பை உட்சுவரில் வரும் புற்றுநோய்க்குக் கருப்பை, கருப்பைவாய், இரண்டு பக்கச் சினைக்குழாய், பெரும்பாலும் இரண்டு சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இடுப்புக்குழியில் உள்ள, உடம்பின் நிணநீரை வடிகட்டும் நிணநீர் முடிச்சுகளும் போகும். எடுத்த பிறகு பிறப்புறுப்புக் குழாயின் மேல்முனையைத் தைத்து மூடுவார்கள். வயிற்றுத் தையலைப் பிரித்த பிறகும் இந்த உள்தையல் ஆறிக்கொண்டுதான் இருக்கும். முக்கித் தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுக்க அங்கேதான் இறங்கும். சின்னத் துளைகள் வழியே, லேப்ராஸ்கோபியில் செய்துகொண்டவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வெளியே மூன்று நான்கு சின்னத் தழும்புதான், வலியும் குறைவு, பத்தாம் நாளே தெம்பு வந்துவிடும். உள்ளே எடுத்தது என்னவோ அதே அளவுதான். "எனக்கு ஒண்ணும் தெரியல மேடம், நல்லாத்தான் இருக்கேன்" என்று மாவு அரைக்க உட்கார்ந்துவிடுகிறவர்கள் இவர்கள்தான்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. எடை தூக்காதே என்றால் கட்டிலை விட்டு இறங்காதே என்று புரிந்துகொள்கிற வீடுகள். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து மற்ற நேரத்தைவிட அதிகம். அதற்காகத்தான் சிலருக்கு 28 நாள் வரை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். எழுவதற்கும் ஒரு முறை உண்டு: நேராக எம்பி எழாமல், ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல் வந்தால் வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோபிக்குப் பிறகு தோள்பட்டை வலிப்பதைப் பார்த்து மாரடைப்பு என்று பயப்படுவார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயுவின் வேலை அது, ஓரிரு நாளில் போய்விடும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது.

பத்தியத்தைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் இதை முடிக்க முடியாது. பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், மீன் கரப்பான், தயிர் குளிர்ச்சி. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கிண்டிக் கொடுக்கிற அதே வீட்டில், கருப்பை எடுத்தவளுக்கு வெறும் ரசஞ்சோறு. புண் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு, தயிர் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி சேரும். முக்கி மலம் கழிப்பதும் குடம் தூக்குவதும் உள்தையலுக்கு ஒன்றுதான். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே இருக்கிற வீடென்றால் முதல் சில வாரங்களுக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள்.

பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ கொஞ்சம் கசிவு சில வாரம் இருப்பது வழக்கம். ஆனால் நாப்கின் நனையும் அளவு ரத்தம், துர்நாற்றம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், தண்ணீர் போல ஓயாத ஒழுக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நிணநீர் முடிச்சு எடுத்தவர்களுக்குக் கால் வீக்கம் பல மாதம் கழித்துக்கூட வரலாம். இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு தனிச் சிக்கல். புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் யானைக்கால் நோயை நெடுங்காலம் பார்த்த மண். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி (கொசு போன்றவை) ஆராய்ச்சி மையம் அதை எதிர்த்தே பல ஆண்டு வேலை செய்தது. அதனால் கால் தடித்தால் ஊர் என்ன பேசும் என்று புடவைக் கரையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு, முற்றிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். முடிச்சு எடுத்ததால் வரும் இந்த வீக்கம் கொசுவால் வந்ததல்ல, யாருக்கும் பரவவும் செய்யாது. மாலையில் கொலுசு இறுகுகிறது, செருப்பு வார் பதிகிறது என்ற நிலையிலேயே வந்தால் அளவெடுத்த அழுத்தக் காலுறை, கட்டு, பயிற்சி என்று நன்றாகக் கட்டுப்படுத்தலாம். காலில் காயம் படக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இங்கேதான் வேண்டுதல் குறுக்கே வரும். "பொழச்சு வந்தா தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்பார் ஒருவர், வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருப்பார் இன்னொருவர். சாமி விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் முடிச்சு எடுத்த காலுக்குத் தீப்புண்ணும் கொப்புளமும் ஆகாது. முடியைக் காணிக்கை கொடுங்கள், பஸ்ஸில் போய்வாருங்கள். கால் திடீரெனச் சிவந்து சுட்டு, குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டியிருக்கும்.

மாதவிடாய் நிற்காத வயதில் சினைப்பையும் போனவர்களுக்கு உடம்பு ஒரே ராத்திரியில் மாறிவிடும். குப்பென்று அனல் ஏறும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும், எதற்கென்று தெரியாமல் எரிச்சல் வரும். கத்திரி வெயிலில் இதெல்லாம் வெயிலால்தான் என்று சமாளித்துவிட்டு, மார்கழியிலும் மின்விசிறியைக் கூட்டி வைக்கும்போதுதான் வீட்டுக்குப் புரியும். ஹார்மோன் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது, சிகிச்சை செய்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. எலும்புத் தேய்மானத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கணவர் பில் கட்டப் போன நேரம் பார்த்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஒரு பெண் கேட்டார்: "மேடம், பக்கத்துல படுத்தா அவருக்கு ஒட்டிக்குமா?" இந்தக் கேள்வியை வேறு வேறு சொற்களில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒட்டாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், தாம்பத்தியத்திலும் இது பரவாது. உள்தையல் ஆற வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம் வரை உறவைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். மருத்துவர் உள்ளே பார்த்துச் சரி என்ற பிறகு பயமில்லை. வறட்சிக்கு ஜெல் உண்டு. உள்கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பிறப்புறுப்புக் குழாய் சுருங்காமலிருக்க டைலேட்டர் என்ற சின்னக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லித்தருவோம். வெட்கப்பட்டு அதைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள்தான் பிறகு பரிசோதனையின்போதே வலியில் துடிக்கிறார்கள். அன்றைக்குக் கணவர் திரும்பி வந்ததும் அவரையும் உட்கார வைத்து இதையே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஆனால் கடைசிவரை கேட்டார்.

பல வீடுகளில் நோயின் பெயரை அந்தப் பெண்ணிடமே சொல்வதில்லை. "கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்று மகன் என்னைத் தனியாக அழைத்துச் சொல்வார். ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்து வரிசையில் உட்கார்ந்து எழுந்த பெண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும்? அவளுக்குத் தெரியும், தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள். பயத்தைச் சொல்லி அழவும் ஆளில்லாமல் போகிறது. "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே அது எதுக்கு?" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களையும் பார்க்கிறேன். அப்படிச் சொன்ன நாத்தனார் போன பிறகு அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "அதுல நாலு பேரு இருந்தாங்க மேடம்." குழந்தை பெறாமலே கருப்பையை இழந்தவர்களின் துக்கம் இன்னொரு வகை, அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

மனம் உடைவது பெரும்பாலும் ஆபரேஷன் வாரத்தில் அல்ல. அப்போது ஆர்லிக்ஸும் ஆப்பிளுமாக வீடு நிறைய ஆள் இருக்கும். ரேடியேஷனும் முடிந்து, வருகிறவர்கள் நின்று, "இப்பத்தான் சரியாப்போச்சே" என்று அடுப்படி திரும்ப ஒப்படைக்கப்படும் மாதத்தில்தான் அது தலைதூக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் தேவலை என்ற பேச்சு வருகிறது என்றால் அது பலவீனமில்லை, சிகிச்சை தேவைப்படும் நிலை. டெலி மானஸ் 14416 என்ற அரசு எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள், நடந்து வர முடியாத நிலையென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பிற்பாடு பெரிய ஆபத்து இதய நோயிலிருந்துதான் வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உடல் எடையும் இவர்களில் பலருக்கு ஏற்கெனவே இருப்பவை. ஆறு வாரத்தில் நடைப்பயிற்சியை நிறுத்திவிடாமல் இருப்பது அதற்காக. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டி விடுவதில்லை. மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு நல்ல செருப்புப் போட்டு நடங்கள்.

செக்கப் முதல் இரண்டு மூன்று ஆண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ரேடியேஷன் அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எல்லாம் ஆறிய பிறகு, மாதங்களோ வருடங்களோ கழித்து ஒரு துளி ரத்தம் பட்டாலும், கருப்பையே இல்லையே, சூட்டினால் இருக்கும் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த செக்கப் தேதிக்கும் காத்திருக்காமல் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.